கொல்லிமலை ஏறுமுன் இட்லி தின்னலாமா? ராசிபுரம் குடும்பங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ராசிபுரத்துக் குடும்பம் ஒன்று ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலைக்குப் புறப்படும்போது எழும் கேள்விகளில், எத்தனை மணிக்குக் கிளம்புவது, யாரை விட்டுவிட்டுப் போவது என்பனவெல்லாம் இரண்டாம்பட்சம். தலையாய கேள்வி ஒன்றே: காரவள்ளி அடிவாரத்துக்கு முன்பே சாப்பிட்டுவிடுவதா, வளைவெல்லாம் ஏறிச் சோளக்காடு சேர்ந்தபின் சாப்பிடுவதா? இதைப் பற்றித் தமிழ் ஆய்வுலகம் காத்துவரும் மௌனம் வருந்தத்தக்கது. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் காலத்தை நிர்ணயிக்க அறிஞர்கள் பலர் மெனக்கெட்டிருக்கிறார்கள். அவன் மலைக்கு ஏறுகிறவர் வயிற்றின் நிலையை நிர்ணயிக்க ஒருவரும் முன்வரவில்லை.

முதலில் களம். ராசிபுரத்திலிருந்து பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி வரை வண்டியில் இருப்போர் அனைவரும் சொந்தக்காரர்கள். அதற்குமேல் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே அவரவர் வயிறு அவரவருக்கு. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்பதால், சம்பவம் எங்கே நடந்தது என்பதைத் துல்லியமாகப் பதிவுசெய்ய முடிகிறது. இந்த வசதி உலகில் எத்தனை ஆய்வாளருக்குக் கிடைத்திருக்கும்? சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 வளைவுகள்தான் என்பதால் அந்தத் தரவுகளைச் சேர்க்கவில்லை. இருபதில் எதுவும் நிரூபணமாகாது என்பது ராசிபுரத்தார் துணிபு, சேலத்தார் மறுப்பர். முள்ளுக்குறிச்சி வழியாக வேறு பாதை இருக்கிறதே என்பவர்கள் ஆய்வின் அடிமடியிலேயே கை வைப்பவர்கள். அவர்களோடு நமக்குப் பேச்சில்லை.

களத்தில் இரண்டு கொள்கைகள் மோதுகின்றன. நிறைவயிற்றுக் கொள்கையின் தலைமைப் பீடம் அப்பாயி, அதாவது அப்பாவைப் பெற்ற பாட்டி. "வெறும் வயித்தோட போனாத்தான் கண்ணு பித்தம் பொரட்டும்" என்பது அதன் மூல சூத்திரம். ராசிபுரம் நெய்க்குப் பேர்போன ஊராகையால் இந்தப் பள்ளியின் தீவிரப் பிரிவு, இட்லியோடு நிற்காமல் நெய் மிதக்கும் பொங்கல் வரை போய்விடும். எதிர்த்தரப்பு வெறுவயிற்றுக் கொள்கை. "உள்ள இருந்தாத்தானுங்க வெளிய வரும்" என்கிறது அது. தர்க்க அழகில் இதை மிஞ்ச முடியாது என்பதை ஆய்வாளர் நடுநிலையோடு ஒப்புக்கொள்கிறார்.

வெறுவயிற்றார் சங்க இலக்கியத்தையும் சான்றுக்கு அழைக்கிறார்கள். புறநானூற்றின் 152ஆம் பாட்டில், ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்த வேட்டுவனாகிய ஓரியை வன்பரணரின் பாணர் கூட்டம் காட்டு வழியில் சந்திக்கிறது. பாட்டு முடிந்ததும் அவன் மான்கறியும் மதுவும் பொன்னும் மணியும் தருகிறான். முதலில் மலை, பிறகு சாப்பாடு, வரிசை தெளிவு. அந்த மது உருக்கிய நெய்யைப் போல இருந்ததாகப் பாட்டு சொல்வதை அப்பாயி தரப்பு தனக்குச் சாதகமாக இழுக்கிறது. பாணர்கள் நடந்து போனார்கள், ஆம்னி வேனின் கடைசி சீட்டில் போகவில்லை என்பதை இரு தரப்பும் கவனிக்கவில்லை.

மருத்துவம் என்ன சொல்கிறது? உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு வண்டி திரும்புகிறது என்கிறது. முன் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும் கண், ஒன்றும் அசையவில்லையே என்கிறது. இந்தத் தகராறை மூளை தீர்க்க முடியாமல் வயிற்றிடம் அனுப்பிவிடுகிறது. அடுத்த திருப்பம் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே தெரிவதால் ஓட்டுநருக்கு இந்தத் தொல்லை அநேகமாக வருவதில்லை. 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகம் சுற்றிய சார்லஸ் டார்வின் கடல்நோயால் படாதபாடு பட்டார். உலர்திராட்சை மட்டும் வயிற்றில் தங்கியதாக எழுதியிருக்கிறார். அவருக்கு யாரும் கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்து மோந்து பார்க்கச் சொல்லவில்லை போலும்.

காலியாகவும் இருக்கக்கூடாது, நிறையவும் கூடாது, அரை வயிறு போதும் என்பது மருத்துவர் தரப்பு. இந்த நடுவழிக்கு நாம் இரண்டு இட்லிக் கொள்கை என்று பெயரிடலாம். ஆனால் ராசிபுரத்தில் எந்த வீட்டிலும் இரண்டு இட்லியோடு ஒருவரை எழவிட்டதாகத் தகவல் இல்லை.

துணைக் காரணிகளில் இரண்டைச் சொல்லாமல் விட முடியாது. ஒன்று, அவித்த முட்டை. முட்டைக்கு விலை சொல்லும் நாமக்கல்லை மாவட்டத் தலைநகராகக் கொண்டவர்கள் முட்டையில்லாமல் பயணம் போவது ஊருக்கே இழுக்கு. ஆனால் கண்ணாடி ஏற்றிய வண்டியில், முப்பதாவது வளைவை ஒட்டி, அந்த டப்பாவைத் திறப்பவர் இரு கொள்கைகளுக்கும் பொது எதிரி. மற்றொன்று, பை. 2019இல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழக அரசு தடை செய்தது. 2021இல் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் வந்தது. சூழலுக்கு இவை நல்லவை, சந்தேகமில்லை. ஆயினும் மஞ்சப்பை துணி என்பதையும், துணி ஒழுகும் என்பதையும் கொள்கை வகுத்தோர் எழுபது வளைவுகளின் கோணத்தில் யோசித்ததாகத் தெரியவில்லை.

இனி ஆய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு. எவர் எந்தக் கொள்கை என்பதை அவர் வயிற்றை வைத்துக் கணிக்க முடியாது. அவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதை வைத்துக் கணிக்கலாம். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து இட்லி ஊற்றி, சட்னி அரைத்து, மதியத்துக்குப் புளிசோறு கிளறி, இலையும் தண்ணீர்க் கேனும் எடுத்து வைக்க வேண்டியவர்கள் ஒருவர் விடாமல் வெறுவயிற்றார். ஏழு மணிக்கு எழுந்து "கெளம்பலாமா?" என்று கேட்பவர்கள் எல்லாரும் நிறைவயிற்றார். அப்பாயி மட்டும் விதிவிலக்கு. அவரும் நாலு மணிக்கு எழுகிறார், மேற்பார்வைக்கு.

ஒப்பீட்டுக்குப் பிலிப்பைன்ஸ். டாவோ நகரில் மருத்துவம் படிக்கப் போன தமிழ்ப் பிள்ளைகளைக் கேட்டால் அங்கத்திய ஞாயிறைச் சொல்வார்கள்: காலையில் தேவாலயம், பிறகு பாட்டி முதல் கைக்குழந்தை வரை குடும்பமே மால், அங்கே ஜாலிபீ. 1975இல் ஐஸ்கிரீம் கடையாகத் தொடங்கிய இந்த நிறுவனம், பொரித்த கோழியோடு சோறும் இனிக்கிற ஸ்பகெட்டியும் விற்று நாட்டின் செல்லக் கடையாயிற்று. மணிலாக்காரர்கள் மலைக்காற்று வேண்டுமென்றால் தகாய்தாய் போய், தால் எரிமலையைப் பார்த்தபடி புலாலோ என்ற மாட்டெலும்பு சூப் குடிக்கிறார்கள். கொல்லிமலையில் முடவாட்டுக்கால் சூப் இருக்கிறது. அதில் ஆடு இல்லை, கிழங்குதான். ஆக, மேலே போய்ச் சூப் குடிப்பதில் இரு நாட்டுக்கும் பெரிய பேதமில்லை. பேதம் கிளம்புவதற்கு முன்னால் இருக்கிறது: அங்கே குடும்பத்தோடு வெளியே சாப்பிடும் நாளில் அடுப்புக்கு விடுமுறை. இங்கே வெளியே சாப்பிடும் நாளில்தான் அடுப்பு இரட்டைக் கடமை ஆற்றுகிறது. கட்டிக்கொண்டு போன புளிசோறு ஆகாய கங்கையின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை இறங்கி ஏறியபின் காலியாகிவிடும். "ஓட்டல் சோறு ஒடம்புக்கு ஆவாது" என்றவர்களே ராத்திரி ராசிபுரம் திரும்பியதும் பரோட்டாக் கடையில் முதல் ஆளாக இறங்குகிறார்கள்.

அடுத்த கட்டமாக, ஓரி விழா நடக்கும் ஆடிப் பதினெட்டில் நேரடிப் பரிசோதனை ஒன்று திட்டமிடப்பட்டுள்ளது. இரண்டு வண்டிகள்: ஒன்றில் சாப்பிட்டவர்கள், மற்றொன்றில் சாப்பிடாதவர்கள். ஆய்வாளர் முன் சீட்டில் அமர்ந்து குறிப்பெடுப்பதாக இருந்தது. அப்பாயி ஆட்சேபம் தெரிவித்து அந்த சீட்டில் துண்டு போட்டுவிட்டார். நிறைவயிற்று வண்டிக்குப் பெயர்கள் குவிந்துவிட்டன. அந்த வண்டிக்கு இட்லி ஊற்ற இதுவரை ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. சம்பளம் எவ்வளவுங்க என்று மட்டும் சமையலறையிலிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது.