தீ மூட்டும் முன் ஒரு பட்டியல்

கிளர்ச்சிக்காரன் யார்? ஒரே வரியில் சொல்லுங்கள். (வாசகர், மாங்குளம்)

'இதுக்கு மேலே விடமாட்டேன்' என்று கோடு கிழிப்பவன். இரண்டாவது வரிக்கு அனுமதி உண்டென்றால்: அந்தக் கோடு தனக்கும் சேர்த்துத்தான் என்று தெரிந்தவன். முதல் வரிக்கு ஆள் நிறைய உண்டு. இரண்டாவதுக்குத்தான் தட்டுப்பாடு.

அல்பேர் காம்யு படித்துக்கொண்டிருக்கிறேன். பிரான்சுக்காரர் எழுதிய கிளர்ச்சித் தத்துவம் எங்களுக்கு எதற்கு என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். (பல்கலைக்கழக மாணவர், வவுனியா)

நண்பர்கள் சிரிக்கட்டும், நீங்கள் படியுங்கள். அடக்குமுறைக்கு எதிராக எழும்பினவன், வென்ற பிறகோ வெல்லும் முன்னமோ, ஏன் தானே அடுத்தவன் கழுத்தில் கை வைக்கிறான்? 1951 இல் வந்த அவருடைய கிளர்ச்சிப் புத்தகத்தின் கேள்வி இதுதான். அதைக் கேட்டதற்காக அடுத்த வருடமே தத்துவவாதி சார்த்தரோடு இருந்த நட்பு முறிந்தது. பாரிஸில் அவ்வளவோடு முடிந்துவிட்டது.

எங்கள் பக்கம் அதே கேள்வியைக் கேட்டவர் ரஜனி திராணகம, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தில் உடற்கூற்றியல் படிப்பித்தவர். அரசு, இந்திய இராணுவம், இயக்கங்கள் என்று எல்லாரையும் ஒரே கோலால் அளந்த 'முறிந்த பனை'யை எழுதிய நால்வரில் ஒருவர். 1989 செப்டெம்பர் 21 ஆம் திகதி சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொன்றார்கள். வயது 35. காம்யு எங்களுக்கு எதற்கு என்று சிரிப்பவர்களிடம் இந்தத் திகதியை மட்டும் சொல்லுங்கள்.

'நான் ஒரு சுதந்திர மனிதன்' என்று வீட்டில் அறிவிக்கலாமா? (வாசகர், நெடுங்கேணி)

தாராளமாக. தேத்தண்ணியை நீங்களே போட்டுக் குடித்துக்கொண்டு அறிவித்தால் வீட்டுக்காரி நம்பவும் கூடும்.

அரசாங்கத்தை எதிர்த்த பண்டாரவன்னியனுக்கு வவுனியாக் கச்சேரி வாசலிலேயே சிலை. இது முரண்பாடு இல்லையா? (வாசகர், செட்டிகுளம்)

கிளர்ச்சிக்காரனை அரசு மன்னிப்பதற்குப் பல தலைமுறையும் ஒரு சிற்பியும் வேண்டும். இவர் 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டைக்குள் புகுந்து வெள்ளைக்காரரை விரட்டினார். அந்த வருடமே ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் கப்டன் வொன் ட்றிபேர்க்கிடம் தோற்றார். தோற்ற இடத்தில் கல் நட்டு எழுதி வைத்தது வென்ற பக்கம். தங்கள் வெற்றிக்கு நட்ட கல்லில் தோற்றவன் பெயரையும் பொறித்தார்கள் பாருங்கள், அங்கேதான் பிழைத்துப்போனது. இன்றைக்கு வன்னியில் யாராவது பிள்ளைக்கு ட்றிபேர்க் என்று பெயர் வைத்திருக்கிறார்களா?

மதுரையை எரித்தவளுக்கு ஏன் பொங்கல் பொங்குகிறோம்? ஒருவன் செய்த பிழைக்கு ஊரையே கொளுத்துவது என்ன நியாயம்? (ஆசிரியை, வற்றாப்பளை)

இதைக் கேட்க, கண்ணகிக்குக் கோயில் கட்டிக் கும்பிடுகிற வற்றாப்பளையில் இருந்துதான் ஆள் வரவேண்டியிருந்தது.

கண்ணகி எடுத்த எடுப்பில் தீயைக் கையில் எடுக்கவில்லை. அரசவைக்குப் போனாள், பெயர் சொன்னாள், சாட்சிப்பொருள் வைத்தாள். கோப்பெருந்தேவியின் சிலம்புக்குள் முத்து, இவளுடையதுக்குள் மாணிக்கம். உடைத்ததும் பரல் தெறித்தது, அரசன் தன் பிழையை ஒத்துக்கொண்டு விழுந்து இறந்தான். தேவியும் போனாள். வழக்கு அத்தோடு வென்றாயிற்று. தீ அதற்குப் பிறகுதான் வருகிறது. உங்கள் கேள்வி குத்துகிற இடமும் அதுதான். வென்ற பிறகும் அடங்காத கோபத்தை நியாயம் என்று சொல்ல நானும் வரமாட்டேன்.

ஆனால் அந்த உச்சக் கோபத்திலும் அக்கினியிடம் ஒரு பட்டியல் கொடுக்கிறாள்: முதியோர், குழந்தைகள், பசுக்கள், பத்தினிப் பெண்கள், அறவோர், பார்ப்பார், இவர்களைத் தொடாதே. பார்ப்பாரை ஏன் சேர்த்தாள் என்று பட்டிமன்றம் வைக்கலாம், நானும் வருகிறேன். கணவனைக் கொன்ற ஊரிலும் இன்னாரைத் தொடக்கூடாது என்று ஒருத்திக்குத் தோன்றியதே, அது பெரிய விஷயம். எங்கள் காலத்தில் இந்தத் தீவில் துவக்குத் தூக்கிய எந்தத் தரப்பாவது அந்தப் பட்டியலைக் கடைசிவரை காப்பாற்றியதா என்று யோசித்துப் பாருங்கள்.

மிச்சக் கதை உங்களுக்கே தெரியும். எரித்து முடித்தவள் ஆறுவதற்கு இடம் தேடி நந்திக்கடல் ஓரம் கிழவியாக வருகிறாள். மாடு மேய்த்த பெடியள் விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்கிறார்கள். கடல் தண்ணியை ஊற்றி ஏற்றச் சொல்கிறாள், எரிகிறது. பேன் பார்க்கக் குனிந்த தலையில் ஆயிரம் கண். வைகாசி தோறும் உப்புத் தண்ணியில் விளக்கேற்றிப் பொங்குவது அந்தக் கிழவிக்கு. எரித்தவளைக் கும்பிட மதுரை போதும், ஆறியவளுக்குத்தான் இந்தக் கோயில்.

ஒரு இனத்தின் விடுதலைக்காக ஒரு சிலரின் சொந்த விருப்பத்தைக் கொஞ்சம் ஒத்திவைத்தால் என்ன? (வாசகர், ஸ்காபரோ, கனடா)

யாருடைய விருப்பத்தை? விரும்பிப் போன பிள்ளை கொடுத்தது தன்னுடைய உயிரை. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. 'வீட்டுக்கு ஒருவர்' என்று புலிகள் இழுத்துப்போன நாட்களில் கொடுக்கப்பட்டது அடுத்த வீட்டு உயிர். வன்னியை விட்டு வெளியே போக இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. கலியாணம் கட்டினால் விடுவார்கள் என்று பள்ளிக்கூடம் போகிற வயதில் தாலி கட்டி வைத்தார்கள். பிள்ளையைக் கிடங்குக்குள் இறக்கி மேலே பலகை போட்டு மண் தூவிய தாய்மாரும் இருந்தார்கள். 2009 இல், யுத்தத்தின் கடைசி மாதங்களில், இராணுவத்தின் ஷெல் ஒரு பக்கம், வெளியே போகவிடாத துவக்கு மறு பக்கம். அந்தத் தாயும் கிளர்ச்சிக்காரிதான் ஐயா. அவளுக்கு எதிரே நின்றது இரண்டு அதிகாரம்.

எங்கள் அரசியலமைப்பில் சுதந்திரத்தின் எல்லை எங்கே? (சட்ட மாணவி, கிளிநொச்சி)

14 ஆம் உறுப்புரை பேச்சு, கூட்டம், நடமாட்டம் எல்லாவற்றையும் தருகிறது. 15 ஆம் உறுப்புரை தேசிய பாதுகாப்பு என்று சொல்லி அவற்றை அளந்து திருப்பி எடுக்கிறது. 15 கை வைக்காதவற்றில் இரண்டு: சிந்தனை, மனச்சாட்சிச் சுதந்திரம் சொல்லும் 10, சித்திரவதையைத் தடுக்கும் 11. அதாவது மனதுக்குள் எவ்வளவும் கிளர்ச்சி செய்யலாம். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இல் மூன்று வருடத்துக்கு என்று வந்தது, 1982 இல் நிரந்தரமானது. எங்கள் தறப்பாள் கொட்டில்கள்கூட அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கவில்லை.

2022 ஜூலையில் கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து நீச்சல் குளத்தில் குளித்தார்கள். வன்னி ஏன் தூங்கியது? (வாசகர், வெள்ளவத்தை)

தூங்கவில்லை, முன்னமே எழும்பிவிட்டது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் குந்தியது 2017 பெப்ரவரி 20 இல். நான்கு நாளில் வவுனியாவிலும் குந்தினார்கள். இராணுவம் பிடித்த காணிக்காகக் கேப்பாபிலவுச் சனம் வீதியோரம் கொட்டில் போட்டதும் அதே வருடம்தான். குளிக்கக் குளம் இல்லை, கமராவும் குறைவு.

இரணைதீவுக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1992 இல் இடம்பெயர்ந்த சனம். தீவில் கடற்படை. மனு எழுதி அலுத்து, கரையில் ஒரு வருடம் குந்தியிருந்து, 2018 ஏப்ரல் 23 இல் வள்ளங்களில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு அனுமதி கேட்காமல் சொந்த ஊருக்குப் போய் இறங்கினார்கள். திரும்பிப் போகவும் மறுத்துவிட்டார்கள். ஒரு கல் எறியப்படவில்லை. அடுத்த மாதம் அரசு குடியிருக்கச் சம்மதித்தது. சட்டம் மீறியது உண்மை, யாருடைய பங்கையும் மீறவில்லை. கிளர்ச்சித் தத்துவத்துக்கு வகுப்பு எடுக்கச் சொன்னால் நான் முதலில் காட்டுவது அந்த வள்ளங்களை.

என் வயல், என் விதை, என் மாடு. எப்போது விதைப்பது, எப்போது மாட்டைக் கட்டுவது என்று போகக் கூட்டத்தில் மற்றவர்கள் தீர்மானிப்பது அடக்குமுறை என்கிறேன். கிளர்ச்சி செய்யலாமா? (கமக்காரர், பரந்தன்)

வயல் உங்களுடையது, இரணைமடுத் தண்ணி எல்லாருடையதும். சிறுபோகத்துக்கு எல்லா வயலுக்கும் குளம் காணாது, பங்குதான். நீங்கள் மூன்று கிழமை பிந்தி விதைத்தால் உங்கள் ஒருவருக்காக வாய்க்கால் ஓடவேண்டும். மற்றவருக்குக் கேடு வராத வரைக்கும் ஒருவனைத் தடுக்கக் கூடாது என்று ஜோன் ஸ்டூவர்ட் மில் 1859 இல் எழுதினார். அவருக்கு வாய்க்கால் இல்லை, ஆனாலும் சரியாகத்தான் சொன்னார்.

கூட்டத்தில் எழும்பிச் சத்தம் போடுங்கள். அதிகாரி பிழை விட்டால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். தோற்றால் அடுத்த போகத்துக்கு இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள். இரவில் வாய்க்காலை வெட்டுவதற்கு மட்டும் கிளர்ச்சி என்று பெயர் வைக்காதீர்கள், அது களவு. கட்டாக்காலி மாட்டைப் பிரதேச சபை பிடித்தால் தண்டம் உங்கள் தலையில். இன்றைக்கே மாட்டைக் கட்டுங்கள்.