வாசகர் கேள்விகள்: டச்சு ராஜாவும் தமிழ் ராணுவமும்

கேள்வி: ஹாலந்தில் சதுரங்கம் ஆடியவர்களே புதிர்களும் இயற்றியிருக்கிறார்களாமே! நம் பக்கம் அப்படி யாராவது உண்டா?
– வாசகர், ஆதிச்சநல்லூர்

பதில்: தாழி தோண்டிய ஊர்க்காரர் அல்லவா, கேள்வியும் ஆழமாகத்தான் இருக்கிறது!

முதலில் ஆட்டம். ஹாலந்தின் மாக்ஸ் யூவே 1935-ல் அலெகினை வென்று உலக சாம்பியன் ஆனவர். 1960 லைப்சிக் ஒலிம்பியாடில் அவரையே சாய்த்தார் நம் மானுவல் ஆரோன். மறு ஆண்டு இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் பட்டமும், அர்ஜுனா விருதும். 1962-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த போட்டியில் போர்டிஷ், உல்மான் என்ற கிராண்ட்மாஸ்டர்கள் இருவரும் அவரிடம் தோற்றார்கள். ஒன்பது முறை தேசிய சாம்பியன். அவர் தொடங்கிய சென்னை டால் செஸ் கிளப்பில்தான் சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் ஆடிப் பழகினான். இதைவிடப் பெரிய வெற்றி எது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

புதிர் வேறு கலை. ஆட்டக்காரருக்கு எதிரில் ஒருவர் இருக்கிறார். புதிர்க்காரர் இரண்டு பக்கமும் தானே உட்கார வேண்டும். அதில் உலகமே 'இந்தியப் புதிர்' என்றழைப்பது 1845-ல் அச்சேறியது. இயற்றியவர் டெல்லியில் இருந்த ஆங்கிலேயப் பாதிரியார் லவ்டே. நகர வழியின்றித் தவிக்கும் கறுப்பு ராஜாவால் ஆட்டம் சமநிலையில் முடிந்துவிடக் கூடாதே! வெள்ளை பிஷப் ஒரு கட்டத்தைத் தாண்டிப் போய் நிற்கும். அந்தக் கட்டத்தில் இன்னொரு வெள்ளைக் காய் வந்து பிஷப்பின் வழியை மறைக்கும். ராஜா மூச்சுவிட ஓரடி வைப்பார். மறைத்த காய் விலகும், பிஷப்பின் தாக்குதல் திறக்கும், மேட்!

பலகையை எடுத்து வைத்துப் பாருங்கள், நண்பரே. தாமிரபரணிக் கரையில் காற்றுக்குப் பஞ்சமில்லை. காய்களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.