திரை வாத்தியாருக்கு

வாத்தியாரே, உங்களைப் போல் சொல்லிக்கொடுக்க வேறு யாராலும் முடியாது. ஸ்ரீமுஷ்ணத்தில் டெண்ட் கொட்டகைத் தரையில் மணலைக் குவித்து, அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்த வயதில் எனக்குக் கையெழுத்துகூட ஒழுங்காக வராது. ஆனால் நோயாளியின் கட்டிலோரம் எப்படி இருக்கவேண்டும் என்பது தெரியும். தலைமாட்டில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்ளவேண்டும். கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும். குரலைத் தாழ்த்தவேண்டும். அழுகை வந்தால் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வரவேண்டும். அத்தனையும் நீங்கள் சொல்லித்தந்தது.

1961-இல் பீம்சிங் இயக்கிய ‘பாலும் பழமும்’ படத்தில் சரோஜாதேவி நர்ஸ். சிவாஜி கணேசன் புற்றுநோய்க்கு மருந்து தேடும் டாக்டர். அவரை மணந்து, காசநோய் வந்து பிரிந்து, கடைசியில் பார்வை இழந்து நிற்கும் அதே கணவனுக்கு வேறொரு பெயரில் நர்ஸாக வந்து பணிவிடை செய்வாள். என் அம்மா அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தாள் என்று அவளுக்கே கணக்கில்லை. “ஒருத்தருக்குச் செய்யறதுன்னா அப்படிச் செய்யணும்” என்பாள். மாமியார் படுக்கையில் கிடந்த இரண்டு வருஷமும் ஒருநாள்கூட முகம் சுளிக்காமல் செய்தாள். 1962-இல் வந்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தில் ஸ்ரீதர் ஏறக்குறைய முழுக்கதையையும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே வைத்தார். முத்துராமன் நோயாளி, தேவிகா மனைவி, கல்யாண்குமார் டாக்டர், நாகேஷ் வார்டுபாய். 2004-இல் ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ பார்த்துவிட்டு வந்த என் அண்ணன் மகன், மறுநாள் தெரு பெருக்க வந்த அம்மாவிடம் போய்க் கையைப் பிடித்து நன்றி சொன்னான். பத்து வருஷப் பள்ளிக்கூடம் அவனுக்குச் சொல்லித்தராததை நீங்கள் ஒரே காட்சியில் சொல்லித்தந்தீர்கள். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அந்த வல்லமையைக் கண்ணால் பார்த்தவன் நான்.

உங்களிடம் நாங்கள் எவ்வளவு நன்றாகப் படித்திருந்தோம் என்பது 2016 மாசியில் தெரிந்தது. மாசி மகத்துக்கு எங்கள் ஊர்ப் பெருமாள் பூவராகர் கிள்ளைக்குக் கடலாடப் புறப்பட்டுப் போயிருந்த நாட்கள். அப்பா காலையில் திண்ணையிலிருந்து எழப் பார்த்தார், முடியவில்லை. வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. பக்கவாதம்.

எந்த மருத்துவமனையில் சேர்த்தோம் என்பது இங்கே வேண்டாம். எதில் சேர்த்திருந்தாலும் அநேகமாக இதேதான் நடந்திருக்கும். சுற்றி நின்ற நாங்கள் எல்லோரும் உங்கள் மாணவர்கள். அண்ணி ஈரத்துணியை நனைத்து நெற்றியில் போட்டாள்; அப்பாவுக்குக் காய்ச்சலே இல்லை. சித்தப்பா சோடா வாங்க ஓடினார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா டம்ளரில் பால் ஆற்றி, மல்லாந்து படுத்திருந்த அப்பாவின் வாயில் கரண்டி கரண்டியாக ஊற்றினாள். அப்பா இருமினார். முதுகைத் தடவிவிட்டு மறுபடி ஊற்றினாள். அவள் முகத்தில் அவ்வளவு கனிவு இருந்தது. சாகக் கிடப்பவர் வாயில் அப்படித்தானே நீங்கள் பால் ஊற்றிக் காட்டியிருக்கிறீர்கள்?

மூன்றாம் நாள் உண்மையிலேயே காய்ச்சல் வந்தது. பால் நுரையீரலுக்குள் போயிருக்கிறது என்றார் டாக்டர். பக்கவாதம் தொண்டையையும் தளர்த்தும். விழுங்க முடிகிறதா என்று சோதித்துப் பார்க்காமல் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது. கொடுக்கலாம் என்று ஆனபிறகும், முதுகு நிமிர உட்காரவைத்து, மோவாயை நெஞ்சுப் பக்கமாகத் தாழ்த்தி, அரைக் கரண்டி கொடுத்து, அது இறங்கிவிட்டதா என்று பார்த்துத்தான் அடுத்த அரைக் கரண்டி. கொடுத்து முடித்தபின் அரை மணி நேரமாவது படுக்கவைக்கக்கூடாது. இவ்வளவுதான் பாடம். உங்கள் கையில் இது இரண்டு நிமிஷக் காட்சி. உடம்பைப் பார்த்துக் கற்கும் வேலை. தாளில் எழுதிக் கொடுத்தால் அம்மாவுக்குப் புரியாது, நீங்கள் காட்டியிருந்தால் ஆயுசுக்கும் மறந்திருக்க மாட்டாள்.

அந்த வார்டு சிஸ்டரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. போதனை மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. எங்கள் வார்டில் இரவு முழுவதும் ஒருவர்தான் இருந்தார். ஊசி போடுவதும் டிரிப்ஸ் பாட்டிலை மாற்றுவதும் கேஸ் ஷீட் எழுதுவதுமாக அவர் கால் ஓயவில்லை. துடைப்பது, ஊட்டுவது, திருப்புவது, மூத்திரப் பையைப் பார்ப்பது எல்லாம் கூட இருந்த எங்கள் வேலையாக ஆகிவிட்டது. அதைச் செய்யத் தெரிந்தவர் எங்களில் ஒருவரும் இல்லை.

ஆனால் வாத்தியாரே, நீங்கள் அங்கே இருந்தீர்கள். எங்கள் தலைக்கு மேலே, சுவரில். அந்த டி.வி. ஒன்பது நாளும் ஓடியது. பாட்டு, காமெடி, சீரியல். இருபது கட்டிலின் துணைக்கு வந்தவர்களும் அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குப் போக வேறு இடமில்லை, அந்த வேலைகளைக் கற்றுக்கொள்வதைவிடப் பெரிய தேவையும் இல்லை. வகுப்பறை நிறைந்திருந்தது.

அப்பா ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் போய், விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அகல் விளக்கு, பொம்மை, ஃப்யூஸ் கேரியர் எல்லாம் அவர் கைபட்டுப் போனவை. அச்சிலிருந்து எடுத்த பச்சைச் சாமானை உடனே சூளைக்கு அனுப்பமாட்டார்கள். பலகையில் காயவைக்கவேண்டும். ஒரே பக்கமாகக் காய்ந்தால் கோணிக்கொள்ளும், விரிசல் விடும். அதனால் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே இருக்கவேண்டும். நான் சின்னப் பையனாக அங்கே போனபோது அப்பா பலகை பலகையாக நடந்து ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் எடுத்துப் புரட்டி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். உடையக்கூடியதைத் தொடும் கை அப்படித்தான் இருக்கும்.

அந்த மனிதரை நாங்கள் பன்னிரண்டு நாள் ஒரே பக்கமாகக் கிடத்தியிருந்தோம்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அறையில் ஒரு வாடை. போர்வையை விலக்கிப் பார்த்தால் இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில், என் உள்ளங்கை அளவுக்குத் தோல் கறுத்துப் பிரிந்திருந்தது. நீங்கள் காட்டிய எந்த நோயாளிக்கும் முதுகு இருந்ததில்லை. முகம் இருக்கும், கலைந்த தலைமயிர் இருக்கும், மார்புவரை வெள்ளைப் போர்வை இருக்கும். வருஷக்கணக்காகப் படுத்திருந்த கதாநாயகியும் எழுந்து வரும்போது தோலில் ஒரு கீறல் இருக்காது. அதனால் நோயாளிக்கு முதுகு என்று ஒன்று உண்டு என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

இதைக் காட்டுவது உங்களால் முடியாதது என்று சொல்லிவிட முடியுமா? இரண்டாம் உலகப் போரின்போது நர்ஸ்கள் போர்முனைக்குப் போய்விட, அமெரிக்காவில் அரசின் கல்வித் துறையே பயிற்சிப் படங்கள் எடுத்தது. நோயாளிக்கு எப்படி ஊட்டுவது, படுக்கையிலேயே எப்படிக் குளிப்பாட்டுவது என்று ஒவ்வொன்றும் தனிப் படம். நம் நாட்டில் 1948-இல் பிலிம்ஸ் டிவிஷன் வந்தது. மெயின் படத்துக்கு முன்னால் அதன் படத்தைப் போட்டே ஆகவேண்டும் என்று விதி இருந்தது. டெண்ட் கொட்டகையில் நான் அணைக்கட்டைப் பார்த்தேன், வெள்ளத்தைப் பார்த்தேன், தலைவர்கள் ரிப்பன் வெட்டுவதைப் பார்த்தேன். அங்கே மணலில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் வீட்டிலும் என்றாவது ஒருநாள் ஒருவர் படுக்கையில் விழத்தான் போகிறார் என்பது படம் எடுத்தவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

பிறகு நீங்கள் வீட்டுக்கே வந்தீர்கள். 2006 முதல் தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேலான குடும்பங்களுக்கு இலவச கலர் டி.வி. கொடுத்தது. எங்கள் தெருவில் கூரை வீட்டிலும் நீங்கள் வந்து உட்கார்ந்தீர்கள். 2019-இல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வித் தொலைக்காட்சி. 2020-இல் கொரோனா வந்ததும், கையை இருபது வினாடி எப்படித் தேய்த்துக் கழுவுவது, விரல் இடுக்கை எப்படி, கட்டை விரலை எப்படி என்று சில வாரத்துக்குள் ஊர் முழுக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள். எங்கள் தெருவில் எழுத்தறியாத கிழவிகள்கூட அந்த வரிசை பிசகாமல் கழுவினார்கள். நினைத்தால் உங்களால் எவ்வளவு சீக்கிரம் முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

நினைத்தவர்களும் இருக்கிறார்கள். நூரா ஹெல்த் என்ற அமைப்பு கர்நாடகத்தில் தொடங்கி, மருத்துவமனை வார்டுகளிலேயே நோயாளியின் குடும்பத்தாரைக் கூட்டி உட்காரவைத்து, படம் போட்டுக் காட்டி, செய்து பார்க்கவும் வைக்கிறது. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீடு தேடி நர்ஸ் வருகிறார். அவர் வந்து போகும் அந்தச் சிறிது நேரம் போக, மிச்சமுள்ள நேரம் முழுவதும் அம்மாதான் நர்ஸ், மருமகள்தான் நர்ஸ்.

அன்று எங்களுக்குச் சொல்லித்தந்தவர் ஓய்வு பெற்ற ஒரு சிஸ்டர். பக்கத்துத் தெருக்காரர், செய்தி கேட்டு அவராகவே வந்தார். புண்ணைப் பார்த்ததும் எங்களைத் திட்டவில்லை. “தம்பி, ஒரு பெட்ஷீட்டை நாலா மடிச்சு எடுத்தாங்க” என்றார். அதை அப்பாவின் தோளிலிருந்து தொடைவரை அடியில் செருகி, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அண்ணி. “இழுக்காதீங்க, இழுத்தா தோல் உரியும். துணியோட தூக்கித் திருப்புங்க.” முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை முட்டுக்கொடுத்துப் பாதிச் சாய்வாக நிறுத்தினார். முட்டிக்கு நடுவே ஒன்று. கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று, குதிகால் மெத்தையில் படாமல் தொங்கும்படி. இடுப்பெலும்பு துருத்தும் இடத்தில் சிவந்திருந்ததை விரலால் அழுத்திக் காட்டினார். அழுத்தி எடுத்தால் வெளுக்கவேண்டும். வெளுக்கவில்லையென்றால் உள்ளே புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. இரண்டு மணிக்கொரு தரம், ராத்திரியிலும், பக்கம் மாற்றவேண்டும். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எட்டு மணி இடது, பத்து மணி வலது, பன்னிரண்டு மணி இடது என்று எழுதிச் சுவரில் ஒட்டினார்.

அண்ணன் மகன் ஒரு மூலையில் நின்று அதை அவர் அனுமதியோடு போனில் எடுத்துக்கொண்டிருந்தான். ஆறு நிமிஷப் படம். வெளிச்சம் போதாது, நடுவில் அண்ணியின் தோள் மறைக்கும், வாசலில் கீரைக்காரி கூவுவது கேட்கும். நான்கு மாதத்தில் புண் ஆறியது. அதன்பின் தெருவில் யார் வீட்டில் யார் விழுந்தாலும் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். ராஜேந்திரப்பட்டினம் போனது, விருத்தாசலம் போனது, துபாயில் வேலை பார்க்கும் ஒருவர் ஊரிலிருக்கும் தன் அம்மாவுக்காக வாங்கித் தங்கைக்கு அனுப்பினார்.

அப்பா போய் இப்போது சில வருஷமாகிறது. அந்தப் படத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அதன் முடிவில், எல்லாத் தலையணையும் வைத்து முடித்தபின், அப்பா வாயைக் கோணிக்கொண்டு என்னவோ சொல்வார். சிஸ்டருக்குப் புரியாது, “என்ன சொல்றார்?” என்று கேட்பார். முதல் தடவை எங்களுக்கும் புரியவில்லை. போனைக் காதில் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டு அம்மாதான் கண்டுபிடித்தாள்.

“அந்தப் பக்கம் காஞ்சிருச்சா?” என்று கேட்கிறார்.