சல்லிசு அட்மிரல்

இங்கிலாந்தில் எந்த நடுத்தர ஊருக்குப் போனாலும் ஒரு தேவாலயக் கூடம் இருக்கும். வாரத்தில் ஒரு மாலை அதை வாடகைக்கு எடுத்துப் பொம்மைப் படைகளை மோதவிடும் கோஷ்டி ஒன்றும் இருக்கும். மேசைக்கு மேசை நெப்போலியனும் வெலிங்டனும் முட்டிக்கொண்டிருப்பார்கள். மூலையில் நீலத் துணி விரித்த ஒற்றை மேசைக்குப் பின்னால், எதிராளி கிடைக்காமல் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர்தான் நம் சல்லிசு அட்மிரல்.

வயது ஐம்பதுக்கு மேல். உத்தியோகம் கணக்குத் தணிக்கையாகவோ நில அளவையாகவோ இருக்கும். சட்டைப் பையில் அளவு நாடா, நகக்கண்ணில் காயாத பெயின்ட். கடலில் கணுக்கால் நனைந்தாலே அவருக்கு ஜலதோஷம் பிடித்துவிடும். ஆனாலும் பழங்காலத் துடுப்புக் கப்பற்படை ஒன்றைத் திரட்டி, கி.மு. 480இல் நடந்த சலாமிஸ் போரை மேசைமேல் முழுசாக நடத்திப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று சங்கல்பம். போர் நடத்துவதில் சிக்கல் இல்லை. சல்லிசாக நடத்துவதில்தான் வில்லங்கம்.

ஹெரோடோட்டஸ் எழுதிவைத்த கணக்குப்படி பாரசீக மன்னன் ஜெர்க்ஸிஸ் கொண்டுவந்த போர்க்கப்பல்கள் 1,207. கிரேக்கர் பக்கம் 380. சரித்திர ஆசிரியர்கள் பலர் அந்தப் பாரசீக எண்ணிக்கையை நம்புவதில்லை. அட்மிரலும் நம்புவதில்லை. அவர்களுக்கு ஆதாரம் போதவில்லை. இவருக்குப் பணம் போதவில்லை. பத்துக் கப்பலுக்கு ஒரு பொம்மை என்று சுருக்கினாலும் 159 வேண்டும். ஒன்றுக்கு மூன்று பவுண்டு என்று வைத்துக்கொண்டால்கூட 477 பவுண்டு. தபால் செலவு தனி. இந்தத் தொகையைப் பென்சிலால் எழுதி, உடனே ரப்பரால் அழித்துவிடுவார். வீட்டில் கணக்குப் பார்க்கத் தெரிந்த இன்னொருவரும் இருக்கிறார்.

சரி, அளவைக் குறைத்துப் பார்ப்போம் என்று ஆரம்பிப்பார். மூன்று அடுக்குத் துடுப்புக் கப்பலான டிரைரீம் அசலில் சுமார் 37 மீட்டர் நீளம். ஸைஸ்டன் நிறுவனம் வார்க்கும் 1/600 அளவில் அது ஆறு சென்டிமீட்டர். நேவ்வாரும் லேங்டனும் வார்க்கும் 1/1200 அளவில் மூன்று சென்டிமீட்டர். இன்னும் பாதியாக்கினால் ஒன்றரை. அளவு குறையக் குறைய விலை குறையும். விலை குறையக் குறையக் கண்ணாடியின் பவர் ஏறும். பொம்மைக் கடையில் மிச்சம் பிடித்தது கண்ணாடிக் கடையில் கரையும்.

அதற்காக நுணுக்கத்தை விட்டுக்கொடுப்பாரா? மாட்டார். ஒரு டிரைரீமில் துடுப்புப் போடுகிறவர்கள் 170 பேர்: மேலடுக்கில் 62, நடுவில் 54, அடியில் 54. மூன்று சென்டிமீட்டர்ப் பொம்மையில் இது மூன்று கீறல். அந்தக் கீறல்கள் சரியான உயரத்தில் இருக்கின்றனவா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். கிரேக்கர்கள் கப்பலின் முகப்பில் கண் வைப்பார்கள் என்று படித்திருப்பதால், ஒற்றை மயிர் பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் கண் எழுதுவார். அந்தக் கண்ணை இதுவரை வேறு எந்தக் கண்ணும் பார்த்ததில்லை.

வாங்கினால்தானே செலவு, நாமே செய்துகொள்ளலாம் என்பது அடுத்த கட்டம். பால்சா கட்டை, பல்குத்தும் குச்சி, பழைய உறையிலிருந்து வெட்டிய காகிதப் பாய். இதற்கு அவரிடம் முன்னோர் பட்டியல் தயாராக இருக்கும். கடற்படையில் ஒரு நாளும் வேலை பார்க்காத ஸ்காட்லாந்துக்காரர் ஜான் கிளார்க், குட்டிக் கப்பல்களை மேசைமேல் நகர்த்திப் பார்த்தே 1782இல் கடற்போர்த் தந்திரம் பற்றி நூல் எழுதினார். பிரெட் ஜேன் 1898இல் கடற்போர் விளையாட்டுக்கு விதிமுறை வெளியிட்டார். நியூயார்க்கின் பிளெட்சர் பிராட் மரத்தில் கப்பல் செய்து, பெரியவர்களைத் தரையில் தவழவைத்தே யுத்தம் நடத்தினார். முன்னோர் கதை முடிவதற்குள் பால்சா கட்டையோடு கட்டைவிரலும் கொஞ்சம் செதுக்கப்பட்டிருக்கும்.

பிறகு வருவது முப்பரிமாண பிரிண்டர். "ஒரு கப்பலுக்குச் சில பென்ஸ்தான் செலவு" என்பார். அது பிரிண்டர் விலையைச் சேர்க்காத கணக்கு. ரெசின், கழுவ ஆல்கஹால், இறுக்க புற ஊதா விளக்கு, கையுறை, நாற்றம் போக மின்விசிறி ஆகியவையும் அதில் சேரா. இவற்றையெல்லாம் அவர் 'மூலதனம்' என்ற தலைப்பில் போட்டுவிடுவார். கணக்குப் புலி அல்லவா! முதல் கப்பல் வளைந்து வரும். இரண்டாவது பாதியில் நிற்கும். மூன்றாவது அச்சு அசலாக வந்ததும், அதை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு, மீதியை ஈயத்திலேயே வாங்கிவிடலாம் என்று தீர்மானிப்பார்.

ஏப்ரலில் லண்டனில் நடக்கும் சல்யூட் கண்காட்சிக்குப் போனால், மற்றவர்கள் புதுப் பொம்மைக் கடைகளில் மொய்ப்பார்கள். இவர் பழைய சாமான் விற்கும் மேசைக்கு நேராகப் போவார். யாரோ ஆசைப்பட்டு வாங்கி, பாதி வண்ணமடித்து, மனம் உடைந்து தள்ளிவிட்ட கார்த்தேஜியக் கப்பற்படை ஒன்று அங்கே அட்டைப்பெட்டியில் கிடக்கும். சலாமிஸில் கார்த்தேஜியர்களுக்கு வேலையே இல்லை. ஆனால் பாதி விலை! வாங்கிவிடுவார். இப்படிச் சேர்ந்ததெல்லாம் பரணில் ஈய மலையாக இருக்கிறது. நம் கொலுப் பொம்மையாவது வருஷத்துக்கு ஒன்பது நாள் பரணிலிருந்து இறங்கிப் படியேறும். இவருடைய கப்பல்களுக்கு அந்த யோகமும் இல்லை.

பணம் திரட்ட அவருக்கு வழிகாட்டி ஏதென்ஸின் தெமிஸ்டாக்ளிஸ். கி.மு. 483 வாக்கில் லாரியன் சுரங்கத்தில் வெள்ளி கொட்டியது. குடிமக்களுக்குத் தலைக்குப் பத்து டிராக்மா பிரித்துக் கொடுக்கலாம் என்று பேச்சு நடந்தபோது, தெமிஸ்டாக்ளிஸ் எழுந்து, வேண்டாம், கப்பல் கட்டுவோம் என்று சபையைச் சம்மதிக்கவைத்தார். அந்தக் கப்பல்கள்தான் சலாமிஸில் கிரேக்கத்தைக் காப்பாற்றின. போனஸ் வந்த மாதம் அட்மிரல் இந்தக் கதையைச் சாப்பாட்டு மேசையில் உருக்கமாகச் சொல்வார். மனைவி கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாரசீகன் வருவதற்குள் மழை வந்துவிடும். முதலில் கூரையைச் சரி பண்ணலாம்" என்பார். ஏதென்ஸ் சபையை வளைத்த பேச்சு சமையலறை வாசலைத் தாண்டியதில்லை.

வீடு கைவிட்டால் சங்கம் இருக்கிறது. ஏதென்ஸில் கப்பலுக்கு ஒரு பணக்காரர் என்று நியமித்து, ஒரு வருஷப் பராமரிப்பை அவர் தலையில் கட்டுவார்கள். அதே ஏற்பாட்டை இவர் சங்கத்தில் கொண்டுவருவார்: ஆளுக்கு ஒரு பிரிவு, அவரவர் செலவு. எல்லாரும் பெருந்தன்மையாக ஒப்புக்கொள்வார்கள். குறித்த நாளில் ஏதென்ஸ் 1/1200 அளவில் வரும். பாரசீகப் படையின் பினீசியா 1/600 அளவில் வரும். எகிப்துப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற இளைஞன், ரஷ்யாவின் ஸ்வெஸ்டா தயாரித்த 1/72 பிளாஸ்டிக் கப்பல் ஒன்றை அரைமீட்டர் நீளத்துக்கு ஒட்டி எடுத்துவருவான். அதை வைத்ததும் சலாமிஸ் நீரிணை அடைபட்டுப்போகும்.

இந்த இனத்தைக் குறைத்து எடைபோட்டுவிடக் கூடாது. டிரைரீமின் மூன்று அடுக்கில் ஆட்களை எப்படி உட்காரவைத்தார்கள் என்று 1975இல் 'டைம்ஸ்' நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் ஒரு வாக்குவாதம் கிளம்பியது. அதன் தொடர்ச்சியாக ஜான் மாரிசன், ஜான் கோட்ஸ், பிராங்க் வெல்ஷ் ஆகியோர் சேர்ந்து இறங்க, 1987இல் 'ஒலிம்பியாஸ்' என்ற அசல் அளவு டிரைரீமே கிரேக்கக் கடலில் இறங்கியது. வாசகர் கடிதத்தைக் கப்பலாக்கும் பிடிவாதம் வேறெங்கே கிடைக்கும்? நம் அட்மிரல் அந்தக் கப்பலின் படத்தை வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். சட்டகம் பழைய கடையில் வாங்கியது.

அவர் மனதுக்குள் பொறாமைப்படுகிற ஒரே ஆள் அகஸ்டஸ் சீசர். கி.மு. 2இல் ரோமில் 1,800 அடி நீளம், 1,200 அடி அகலத்துக்குக் குளம் வெட்டி, முப்பது பெரிய கப்பலும் துடுப்பாளர் நீங்கலாக 3,000 பேரும் இறக்கி, சலாமிஸையே வேடிக்கைப் போராக நடத்திக் காட்டினார். அளவு 1/1. செலவைப் பற்றிப் பேரரசி லிவியா என்ன சொன்னாள் என்று எங்கும் எழுதிவைத்திருப்பதாகத் தெரியவில்லை.

ஒருவழியாக ஒரு சனிக்கிழமை போர் நடந்தேவிடும். பகடை உருளும். தேநீர் வருவதற்குள் பாரசீகம் ஜெயித்துவிடும். அட்மிரல் கலங்கமாட்டார். அடுத்தது ஆக்டியம், கி.மு. 31, ஆன்டனியின் படைக்குப் பெரிய பெரிய கப்பல்கள் வேண்டும், சலாமிஸ் பொம்மைகள் அதற்கு உதவாது என்று அன்று மாலையே புது விலைப்பட்டியலைப் பிரிப்பார்.

சல்லிசான போர்க்கப்பல் என்று எக்காலத்திலும் ஒன்று இருந்ததில்லை. ஏதென்ஸில் ஆளுக்குத் தினம் ஒரு டிராக்மா கூலி என்றால், 200 பேர் கொண்ட ஒரே டிரைரீமுக்கு மாதம் 6,000 டிராக்மா, அதாவது ஒரு டேலண்ட் வெள்ளி. அந்த ஊர் பொக்கிஷமே திணறிய செலவை மாதச் சம்பளத்தில் சமாளிக்கப் பார்க்கிறார், பாவம். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் முளைத்தால் பயப்படாதீர்கள். சூதாட்டம், குதிரைப் பந்தயத்தைவிட இது எவ்வளவோ தேவலை. முதல் ஈயக் கப்பல்களை விலை கேட்காமல் வாங்க விடுங்கள். மிச்சம் பிடிக்கப்போகிறேன் என்று அவர் சொல்லும்போதுதான் பர்ஸைப் பத்திரப்படுத்த வேண்டும்.