ஊமைக் கம்பியின் நற்பெயர்

அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் 1853இல் காப்புரிமை பெற்ற திருட்டு அலாரத்தில், கதவைத் திறந்தால்தான் மின்சுற்று இணைந்து மணி அடிக்கும். திருடனுக்குத் தோதான ஏற்பாடு: கம்பியை முன்பே நறுக்கிவிட்டால் மணிக்கு வாயே இல்லை. இதற்கு மாற்றான மூடிய சுற்றில் மின்னோட்டம் எப்போதும் ஓடும். கம்பி அறுந்தால் அலறிவிடும். எலி கடித்தாலும், திருகு தளர்ந்தாலும் அதே அலறல்தான். உடனே ‘பொய் அலாரம்’ என்று பழி. பாவம், சுற்று அறுந்தது என்ற உண்மையைத்தான் அது சொன்னது.

அதற்காக எலிக்கெல்லாம் தெருவையே எழுப்புவதா என்றால், நியாயமான கேள்வி. கம்பியின் கடைக்கோடியில், கதவருகே இரண்டு மின்தடைகளை வைத்தால் போதும். கதவு திறந்ததா, கம்பி அறுந்ததா, கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டனவா என்று அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டி பிரித்தறியும். ஆனால் ஏணி ஏறச் சலித்த, அலாரம் பொருத்துவோரின் கைகள் அந்த மின்தடைகளைப் பெட்டிக்குள்ளேயே முறுக்கிவிடுகின்றன. அப்புறம் வழியில் கம்பிகள் ஒட்டிக்கொண்டாலும் கதவு சாத்தியிருப்பதாகவே பெட்டி நம்பும். பரம நிசப்தம், வாடிக்கையாளருக்கும் பரம திருப்தி. பொய் அலாரத் தொல்லைக்கு அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி போலீஸ் இன்னும் எளிய வழி கண்டது: யாராவது நேரில் பார்த்து உறுதிசெய்தாலொழிய அலாரத்துக்கு வருவதில்லை என்று 2000இல் விதி வந்தது. போலீஸ் ஓடவேண்டிய அழைப்புகள் சுமார் 90 விழுக்காடு குறைந்தன. தளர்ந்த திருகுகளை யார் முடுக்கினார்கள் என்பது வேறு விஷயம்.