பிறந்தநாள் இல்லாத சிலைகள்

செயின்ட் லூயிஸ், அமெரிக்கா

அன்புள்ள மாமாவுக்கு,

நான் அனுப்பின போட்டோவைப் பார்த்துட்டு, "தலையில கட்டோட நடுரோட்டுல கெடக்குறானே, ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போக ஆளில்லையா?"ன்னு அத்தை கேட்டாங்களாமே. அது ஆள் இல்ல, சிலை. இகோர் மிதொராய்னு போலந்துக்காரர் செஞ்ச வெண்கலத் தலை. உள்ளே வெறும் கூடு. பசங்க உள்ளே பூந்து கண்ணு ஓட்டை வழியா எட்டிப் பார்க்குதுங்க. ஒருத்தரும் அதட்டுறதில்ல.

இடத்துக்குப் பேரு சிட்டிகார்டன். ஊருக்கு நட்டநடுவுல, நம்ம பாரிமுனை கணக்கா கோர்ட்டும் ஆபீசும் இருக்குற பக்கம். மூணு ஏக்கருக்குக் கொஞ்சம் கம்மி. நிலம் மாநகராட்சியோடது, கேட்வே ஃபவுண்டேஷன்னு ஒரு அறக்கட்டளை செலவு பண்ணி 2009 ஜூலையில திறந்துவிட்டாங்க. நெஜமாவே திறந்துதான் விட்டிருக்காங்க: மதிலும் இல்ல, டிக்கெட்டும் இல்ல.

நம்மூர்ல சிலைன்னா கம்பிக்கூண்டு, பூட்டு. பிறந்தநாளானா ஏணி, மாலை, யார் முதல்ல ஏறுறதுன்னு தள்ளுமுள்ளு. மிச்ச நாளெல்லாம் காக்காவுக்கு. இங்க சிலைங்களுக்குப் பிறந்தநாளே கெடையாது. இங்க சிலையா நிக்குற பெரிய பெரிய முயலுக்கு எந்தக் கட்சி மாலை போடும்?

வெயில் காலத்துல தரையிலிருந்து நூத்துச் சொச்சம் குழாய்ல தண்ணி பீச்சியடிக்குது. இங்க ஒரு சங்கதி சொல்லணும் மாமா. நம்ம வடசென்னை கணக்கா இந்த ஊர்லயும் 'வடக்கு'ன்னா மூஞ்சி சுளிக்கிறவங்க உண்டு. டெல்மார்னு ஒரு ரோடு. அதுக்கு வடக்கே பெரும்பாலும் கறுப்பர்கள், வசதி கம்மி. தெற்கே வெள்ளைக்காரங்க, வசதி ஜாஸ்தி. ரெண்டு பக்கத்துப் பசங்களும் இங்க ஒரே தண்ணியில நனையுதுங்க. சிலையைவிட எனக்கு இதுதான் பெருசாத் தெரியுது.

செவப்புப் பெயின்ட் அடிச்ச இரும்பு உத்திரமா ஒண்ணு நிக்குது. நீங்க பார்த்தா, "இன்னாடா, ஹார்பர் கிரேனைக் கழட்டிப் போட்டுக்கீறாங்க?"ன்னு கேப்பீங்க. பாதி சரி. அதைச் செஞ்ச மார்க் டி சுவேரோ தானே கிரேன் ஓட்டி உத்திரத்தைத் தூக்கி நிறுத்துற ஆளு. அவருக்குச் சிற்பின்னு பேரு. நீங்களும் ஹார்பர்ல அந்த வேலையைத்தான் செஞ்சீங்க, உங்களுக்கு ஓவர்டைம் மட்டும்தான் கொடுத்தாங்க.

நமக்கு இரும்புக்கா பஞ்சம்? ஆனா சிலையோட உட்காரணும்னா மெரினாவுக்குப் போகணும். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செஞ்ச உழைப்பாளர் சிலையை 1959-ல அங்க வச்சாங்க. நாலு பேர் பாறையை நெம்புறாங்க. உழைக்கிறவன் ராயபுரத்துல, சிலை மெரினாவுல! பாறையும் நம்ம பக்கம்தான் கெடக்குது. காசிமேட்டுலேர்ந்து எண்ணூர் வரைக்கும் கடலரிப்புக்குக் கொட்டின கல்லுமேலதான் ஜனங்க காத்து வாங்குது, முதுகுக்குப் பின்னால கன்டெய்னர் லாரி ஹாரன் அடிக்க.

அதனால, கவுன்சிலர் ஓட்டு கேட்டு வந்தா ஒண்ணு கேளுங்க. 1949-ல தி.மு.க. பிறந்த நம்ம ராயபுரம் ராபின்சன் பூங்காவுல, கூண்டு இல்லாம, பசங்க ஏறி விளையாடுற மாதிரி ஒண்ணு வைக்கச் சொல்லுங்க. பெரிய சிற்பியெல்லாம் வேணாம், ஹார்பர்ல கழிச்சுப் போட்ட நங்கூரம் ஒண்ணு போதும். யார் திறக்குறதுன்னு தகராறு வந்தா, பசங்களை முதல்ல ஏறவிடுங்க.

அன்புடன்,
உங்க மருமகன்