மாமன்ற உறுப்பினராகும் வேட்கை: அழைப்பிதழ்ச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

சென்னை மாநகராட்சி 1688இல் தோன்றியது. அதன் 200 வார்டுகளுக்கும் ஏன் இத்தனை அடிதடி என்ற வினாவை மட்டும் அறிஞருலகம் இன்றுவரை தொடவில்லை.

காசுக்காகத்தான் என்பது டீக்கடை மரபு. மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியமே 2023இல்தான் வந்தது. பிரசாரத்தில் ஒருநாள் பிரியாணிக்கு அது காணாது. "வேற வழியில வரும் சார்" என்று கண்ணடிப்போர் உண்டு. கண்ணடிப்பைச் சான்றாகக் கொள்ளும் நெறி நம்மிடம் இல்லை.

அதிகாரத்துக்காக என்போர் காலை ஏழு மணிக்குக் கவுன்சிலர் வீட்டு வாசலில் நின்று பார்க்கவேண்டும். பாதாளச் சாக்கடை அடைப்பா, அது குடிநீர் வாரியம். கம்பி தொங்குகிறதா, மின்வாரியம். ரேஷனில் பருப்பு இல்லையா, அது வேறு துறை. ஆனாலும் எல்லாருக்கும் உதவிப் பொறியாளரைக் காட்டி ஒரே பதில்: "ஏ.இ.கிட்ட சொல்லிடறேம்மா."

ஆகவே யாம் துணிந்து நிறுவுவது 'முன்னிலை'க் கோட்பாடு. ஏதேனும் ஒரு காதணி விழா அழைப்பிதழை எடுத்துக்கொள்க. உச்சியில் குலதெய்வம்; தலைமை, எம்.எல்.ஏ.; முன்னிலை, கவுன்சிலர். ஆட்டுக்கிடாயும் தங்கத்தோடும் சுமந்து வரும் தாய்மாமன் அதற்கும் கீழே, சிறிய எழுத்தில். பெற்ற தாயின் உடன்பிறப்பையே ஒரு வரி இறக்கவல்ல பதவி வேறு எது?

இதற்கு ஒரு பரிசோதனையும் தானே அமைந்தது. 2016 அக்டோபரில் கலைந்த மன்றம் 2022 மார்ச்சில்தான் மீண்டும் கூடியது. இடையில் தனி அலுவலர் ஆட்சி. சாக்கடை எப்போதும்போல் அடைத்தது, எப்போதும்போல் திறந்தது. அழைப்பிதழ்தான் தவித்தது. 'முன்னாள்' என்று போடாவிட்டால் பொய், போட்டால் மனஸ்தாபம். 'மு.' என்று சுருக்கி அச்சகத்தார் ஊரைக் காப்பாற்றினர்.

2022இல் ஏறக்குறையப் பாதி வார்டுகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது கோட்பாடு ஆட்டம் காணுமோ என அஞ்சினோம். தாமே ஓடியாடி வேலை பார்க்கும் பெண்கள் பலர். அவர்கள் இவ்வாய்வுக்கு ஒத்துழைக்கவில்லை. மற்ற வார்டுகளில் ஃபிளெக்ஸே சான்று: கணவர் ஆளுயரத்துக்குக் கும்பிடுகிறார், உறுப்பினர் அம்மையார் மூலையில் பாஸ்போர்ட் அளவில். அம்மையாரின் வேட்கையை நேரிலேயே கேட்டறிய அவர் எண்ணுக்கு அழைத்தோம். "கவுன்சிலர்தான் பேசறேன், சொல்லுங்க" என்றது ஓர் ஆண் குரல்.